நாலாவது பக்கம்

இப்போதெல்லாம் மனிதனை மனிதன் பார்த்து வேலைக்கு வைப்பதில்லை என்பது எலியாமனியின் தீராத புகார். மலை ஏற வருகிறவன் தன் ஊரில் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு போனைக் கேட்கிறான். போன் யார் பெயரை முதலில் காட்டுகிறதோ அவனை நம்பி கிளிமஞ்சாரோவில் ஏறிவிடுகிறான். கூட்டிப் போகிறவன் குடிகாரனா, பனியில் விட்டுவிட்டு ஓடுகிறவனா, எதையும் விசாரிப்பதில்லை. பெண் பார்ப்பதும் இப்படித்தான் நடக்கிறதாம். மோஷி ஊரில் இதை அவர் சொல்லிக் கேட்காத ஆள் இல்லை. அதே போனால்தான் தன் வீட்டிலும் அடுப்பு எரிகிறது என்பதை மட்டும் சத்தமாகச் சொல்லமாட்டார்.

ஆட்களை மலையேற்றி இறக்கும் சின்னக் கம்பெனி அவருடையது. காப்பிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. மகள் ஐகாண்டே இணையதளத்தைப் பார்த்துக்கொண்டாள். தேடுபொறியில் எவர் மலையேற்றம் என்று தட்டினாலும் முதல் பக்கத்திலேயே அவர்கள் பெயர் நிற்கும். ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியாது. நின்றது, அவ்வளவுதான்.

பெருமழை முடிந்து, ஆட்கள் கேட்டு எழுத வேண்டிய நேரத்தில் ஒருவரும் எழுதவில்லை.

"அப்பா, நாம நாலாவது பக்கத்துக்குப் போயிட்டோம்" என்றாள் ஐகாண்டே.

"நாலாவது பக்கத்தை எவன் பார்ப்பான்?"

"எவனும் பார்க்கமாட்டான்."

"யாரு தள்ளினது?"

"யாரும் தள்ளலப்பா. தேடுற மிஷினோட கணக்கை மாத்திட்டாங்க. அப்பப்ப மாத்துவாங்க. உலகம் பூரா எல்லாரும் மேல கீழ ஆகிக் கிடக்காங்க."

"என்னத்தை மாத்தினானுங்க?"

"சொல்லமாட்டாங்க."

"நாம செஞ்ச தப்பு என்னன்னாவது சொல்லுவானா?"

"தப்பே செய்யாதவங்களும் இறங்கலாம்னு எழுதியிருக்காங்க. திருத்திக்க ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாமாம்."

எலியாமனி மூக்கை உறிஞ்சினார். "போலீஸ்காரன்கூட அடிச்சா எதுக்குன்னு ஒரு பொய்யாவது சொல்லுவான்."

விஷயம் ஊரில் பரவ நேரமாகவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற கிலேயோவின் கம்பெனி இப்போது முதல் பக்கத்தில் முதல் பெயர். அவனுக்கு ஆட்கள் குவிந்தார்கள். குவிந்த ஆட்களுக்குச் சமைக்க ஆள் இல்லை. எலியாமனியிடம் சமைக்கிற லெமாவைத் தன்னிடம் வரச்சொல்லி ஆள் அனுப்பினான்.

லெமா சாதாரண ஆள் இல்லை. உச்சிக்கு முந்தைய முகாமில் காற்று மெலிந்து, சோற்றைக் கண்டாலே குமட்டும் இடத்தில், அவன் வைக்கிற வாழைக்காய்க் கறிக்கஞ்சியை மட்டும் வெள்ளைக்காரன் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடிப்பான். குடித்தவன் மேலே போவான், குடிக்காதவன் பாதியில் திரும்புவான். லெமா போனால் சுமை தூக்குகிறவர்களும் அவன் பின்னாலேயே போய்விடுவார்கள். அப்புறம் கம்பெனி என்று இருப்பது ஒரு அறையும் ஒரு சாவியும்தான்.

"நான் போகமாட்டேன், பெருசு" என்றான் லெமா. "ஆனா எம் பொண்டாட்டி போன்னு சொல்றா. உங்களுக்கு எது தோதுன்னு நீங்களே சொல்லுங்க."

எலியாமனிக்கு ஒன்றுதான் தோன்றியது. இதை ஒருத்தன் செய்திருக்க வேண்டும். செய்தவன் யார் என்றால், ஆதாயம் யாருக்கோ அவன்தான். தன் வேலியில் வளர்ந்திருந்த இசாலே செடியிலிருந்து நீளமான ஓர் இலையைக் கிள்ளினார். மலைச்சரிவுச் சனங்களுக்குள் அந்த இலையை நீட்டி மன்னிப்புக் கேட்டால் எப்பேர்ப்பட்ட பகையாளியும் மறுக்கக் கூடாது. கொலைப் பகையே அதோடு தீர்ந்திருக்கிறது.

இலையைப் பார்த்ததும் கிலேயோ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"எதுக்கு சித்தப்பா இது?"

"உனக்கு எம்மேல என்ன கோபம்னு தெரியல. எதுவா இருந்தாலும் மன்னிச்சிரு. என்னைத் தள்ளினதை எடுத்துரு."

கிலேயோ சிரித்தான். இலை கையில் இருந்ததால் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான். "நான் எங்க சித்தப்பா தள்ளினேன்? என்னை எதுக்கு மேல தூக்குச்சுன்னே எனக்குத் தெரியாது. போன வருஷம் நான் ஆறாவது பக்கத்துல கிடந்தப்ப நீங்க எனக்கு இலை கொண்டுவந்தீங்களா?"

கிலேயோ இலையை மேஜைமேல் பதமாக வைத்தான்.

"நாளைக்கு எந்திரிச்சா நான் எங்க கிடப்பேனோ. காலையில பல்லு விளக்குறதுக்கு முன்னாடி அதைத்தான் பார்க்கறேன். இலைக்காக ஒண்ணு செய்யறேன். ஞாயித்துக்கிழமை சர்ச் முடியற வரைக்கும் லெமாவுக்காகக் காத்திருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது. உங்க இலை சேர வேண்டிய ஆளு நான் இல்லை."

சேர வேண்டிய ஆள் யார், எந்த ஊரில், எந்த வாசலில் நிற்கிறான் என்று கேட்க நினைத்தார். கேட்டாலும் அவனுக்குத் தெரியாது. கொடுத்த இலையைத் திரும்ப வாங்கக் கூடாது என்பதால் வெறுங்கையோடு வந்தார்.

லெமா ஒரு யோசனை சொன்னான். எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று மிஷின் எண்ணிப் பார்க்கிற சாதி என்றால், நாமே நம்மைத் தேடினால் என்ன? சுமைக்காரர்கள், வழிகாட்டிகள், காப்பிக் கடைப் பெண்கள் எல்லாரும் அறையில் வந்து குந்தினார்கள். ஆளுக்கொரு போன். மலையேற்றம் என்று தட்டுவது, பக்கம் பக்கமாகத் தள்ளி நாலாவது பக்கத்தில் சொந்தப் பெயரைத் தொடுவது, திரும்பவும் தட்டுவது. மூட்டை தூக்குகிற விரல்கள் அதில் வலியெடுத்தன. "மலையை இழுத்துட்டு வரச் சொல்லியிருந்தா இதுக்குள்ள வந்திருக்கும்" என்று ஒருவன் அலுத்துக்கொண்டான். ஐகாண்டே மட்டும், "இதெல்லாம் வேலைக்காகாது" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள்.

சனிக்கிழமை மதியம் லெமா கூவினான். "பெருசு! நம்ம பேருதான் முதல் பேர்!"

அவன் போனில் முதல் பெயர். பக்கத்திலிருந்தவன் போனிலும் முதல் பெயர். மாடியே அதிர்ந்தது. யாரோ ஓடிப்போய் வாளி நிறைய வாழைப்பழ பீர் வாங்கிவந்தார்கள். மலையிலிருந்து இறங்கி வந்தால் பாடுகிற பாட்டை அங்கேயே பாடினார்கள். லெமா அந்த வேகத்திலேயே கிலேயோ கம்பெனிக்குப் போய், வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தான். சொன்னதோடு நில்லாமல், "உங்க கஞ்சியை நீங்களே காய்ச்சிக்குங்க" என்றும் சொல்லியிருக்கிறான்.

எலியாமனி பீரைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. இவ்வளவு லேசாக ஒன்று கிடைத்தால் அவர் நம்பமாட்டார். கோப்பையை வைத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தார். முதுகுப் பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் அருஷா பேருந்துக்கு நின்றிருந்தாள். மலையில் கற்ற அரைகுறை ஆங்கிலத்தில், உன் போனில் மலையேற்றம் தேடு என்றார். அவள் பயந்து, பிறகு தேடினாள்.

முதல் பெயர் கிலேயோ. இன்னும் கீழே, இன்னும் கீழே என்று அவர் சொல்ல, அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். இரண்டாவது பக்கத்தில் இல்லை. மூன்றாவதில் இல்லை. "உங்கள் பெயர் என்ன?" என்று அவள் கேட்டபோது அவர் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார்.

மாடியில் பாட்டு இன்னும் ஓயவில்லை. ஐகாண்டேவைக் கதவோரம் இழுத்துக் கேட்டார்.

"அடிக்கடி எதைத் தொடறோமோ அதைத்தான்பா போன் முன்னாடி காட்டும். உங்க கையில உங்களுக்குப் பிடிச்சதைக் காட்டுது. அடுத்தவன் கையில அவனுக்குக் காட்டுது."

"அப்ப நாங்க இத்தனை நாளா?"

"உங்களுக்கு நீங்களே காட்டிக்கிட்டீங்க."

அவர் உள்ளே போய்ச் சொன்னார். பாட்டு நின்றது. லெமா தன் போனை ஒருமுறை பார்த்தான். அதில் இன்னும் முதல் பெயர்தான்.

"நாளைக்கு சர்ச் முடியறதுக்குள்ள கிலேயோகிட்டப் போ" என்றார் எலியாமனி.

"வரமாட்டேன்னு சொல்லிட்டேனே, பெருசு. கஞ்சியைப் பத்தி வேற பேசிட்டேன்."

"சொன்னதை மாத்திச் சொல்லு. மிஷின்காரன் உலகத்துக்கே கணக்கை மாத்தறான், அவனை யாராவது கேள்வி கேக்கறாங்களா?"

லெமா போனான். கிலேயோ சேர்த்துக்கொண்டான். ஆனால் தலைமைச் சமையல்காரனாக இல்லை, காய் நறுக்குகிறவனாக. சுமைக்காரர்களும் போனார்கள். போகும்போது ஒவ்வொருவனும் எலியாமனியின் கையைப் பிடித்துவிட்டுப் போனது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சாவு வீட்டில்தான் அப்படிப் பிடிப்பார்கள்.

மறுவாரம் ஐகாண்டே ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு, படம் பிடிக்க எதிரே போனை நிமிர்த்தி வைத்தாள்.

"உட்காருங்கப்பா. நேர்ல அனுபவப்பட்டவங்க சொல்றதா இருந்தா மிஷின் மதிக்குதாம். பேரைச் சொல்லுங்க. மலை ஏறினதைச் சொல்லுங்க."

"யாருக்கு?"

"மிஷினுக்கு."

"அது ஏறியிருக்கா?"

"அப்பா, உட்காருங்க."

உட்கார்ந்தார். போனின் சின்னக் கறுப்புக் கண்ணைப் பார்த்தார். எதிரே ஆள் இருந்தால் கண்ணைப் பார்த்து நம்புகிறானா இல்லையா என்று கண்டுகொள்வார். இதில் அவர் முகம்தான் தெரிந்தது.

"இதைச் செஞ்சா லெமா வருவானா?"

"முதல்ல நம்ம பேரு மேல வரணும்."

"வருமா?"

"வரலாம்."

"எப்போ?"

"அடுத்த தடவை அவங்க மாத்தும்போது."

"அப்போ இன்னும் கீழயும் போகலாம்."

ஐகாண்டே சரிந்த போனை நேராக்கினாள். "போகலாம்" என்றாள்.

எலியாமனி தொண்டையைச் செருமி, பெயரைச் சொன்னார். அப்புறம் நிறுத்திக்கொண்டார்.

"நான் ஏறினேன்னு சொன்னா இது நம்பிரும். ஏறாதவன் இதே நாற்காலியில உட்கார்ந்து இதையே சொன்னா?"

"அதை எப்படியோ கண்டுபிடிக்குமாம்."

"எப்படி?"

"தெரியாதுப்பா."

அவர் எழுந்தார். "ஒரே நிமிஷம்தான்" என்று அவள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "கண்டுபிடிக்குமாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே படியிறங்கி, காப்பிக் கடையைத் தாண்டித் தெருவில் நடந்தார்.