ஊசி போட்டுக்கொண்ட பிறகு

“மடியிலே இன்னாம்மா அது, ஈரத்துணி சுத்தி?”

ரயிலில் எதிர்ப் பலகையில் இருந்த ஜெயம்மாள்தான் கேட்டாள். மாகறலில் பயிர் வைக்கிற குடும்பம். பழையசீவரத்தில் மகள் வீட்டுக்குப் போகிறாள்.

“மருந்தும்மா. நேக்குச் சர்க்கரை வியாதி. மருந்து சூடாயிடப்படாது, அதான் மண்சட்டியிலே வச்சிருக்கேன்” என்றாள் ஹேமாம்புஜம்.

“தொணைக்கு யாரும் வரலியா?”

“ஆத்துலே எல்லாருக்கும் வேலை.”

சின்னக் காஞ்சிபுரத்து வீட்டில் பூட்டுத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசி போட்டதும் ‘சாப்பிட்டியோ?’ என்று கேட்க அவர் இருந்தார், போன ஆடி வரைக்கும்.

ஜெயம்மாள் மூட்டையை அவிழ்த்துப் பொரி உருண்டை ஒன்றை நீட்டினாள்.

“வேண்டாம்மா. தித்திப்பு ஆகாது. ரயில்லே நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கறதில்லை. மடி.”

“நான் தொட்டதுன்னு சொல்லிட்டுப் போயேன்!”

சிரித்தபடியே ஜெயம்மாள் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நாலு பேர் நடுவில் கையை நீட்டிக் குத்திக்கொள்ளக் கூச்சப்பட்டு, ஹேமாம்புஜம் வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். கொஞ்சம் நேரமானாலும் பரவாயில்லை, செங்கல்பட்டில் நாத்தனார் வீட்டில் குளித்துவிட்டுச் சாப்பிட்டால் போயிற்று என்று நினைப்பு.

வாலாஜாபாத்தில் நின்ற ரயில் நகரவே இல்லை.

“இஞ்சின் மக்கர் பண்ணுதாம்” என்று பிளாட்பாரத்தில் யாரோ கத்தினார்கள்.

ஹேமாம்புஜத்துக்கு வியர்த்துக் கொட்டியது. நார்மடிப் புடவைத் தலைப்பால் துடைக்கப் போனால் கை நடுங்கியது. நடுங்கினால் உடனே வெல்லமோ சர்க்கரையோ, இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதையும் டாக்டர் சொல்லியிருந்தார். வெல்லப் பொட்டலம் கட்டித் தருவது ஆத்துக்காரர் வேலையாக இருந்தது. இவளுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

“அந்த உருண்டை… ஒண்ணு குடேம்மா.”

“நல்லா கீதே! சர்க்கரை வியாதின்றே, வெல்லம் கேக்கறே. மடி இன்னா ஆச்சு?”

“ஊசி போட்டுண்டு சாப்பிடலைம்மா. தித்திப்பு உள்ளே போகலைன்னா நான் போயிடுவேன்.”

ஜெயம்மாளின் சிரிப்பு நின்றது. கொடுத்த உருண்டை ஹேமாம்புஜத்தின் விரல்களில் நிற்காமல் கீழே விழுந்தது. ஜெயம்மாள் இன்னொன்றை உடைத்து, அவள் தாடையைப் பிடித்துத் தானே ஊட்டினாள்.

“மெல்லும்மா. கண்ணை மூடாதே, மெல்லு.”

ரயில் கிளம்பும்போது வியர்வை அடங்கியிருந்தது.

“தொட்டுட்டேன்மா. போய்த் தலை முழுவிக்கோ.”

“முழுகிக்கறேன். என்ன அவசரம்?”

ஆடிக்குப் பிறகு அவளை யாரும் தொட்டதே இல்லை.

பழையசீவரத்தில் இறங்கிய ஜெயம்மாள் ஜன்னல் வழியாக இன்னும் இரண்டு உருண்டைகளைக் கொடுத்தாள்.

“ஊட்டுல சொல்லி வையி. இனிமே வெல்லம் கட்டிக் குடுத்து அனுப்பச் சொல்லு.”

“சொல்றேன்” என்றாள் ஹேமாம்புஜம்.