நான்கு நாள் தள்ளி ஒரு கச்சேரி

1990ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்து முதல், மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த கபாலியின் காதுகளுக்கு எல்லாச் சத்தமும் நான்கு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. முதல் நான்கு நாள் ஒன்றுமே கேட்கவில்லை. சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு, செவ்வாய்க்கிழமை குக்கர் விட்ட மூன்றாவது விசில் கேட்டது. அதன் பின்னால் அந்தச் செவ்வாய்க்கிழமை முழுவதும் வரிசை தவறாமல் வந்தது. அடையாற்றில் ஒரு காது டாக்டர் அவரைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் காட்டினார். கபாலி தூக்கவே இல்லை. நான்கு நாள் கழித்து, ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருபது நிமிடம் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினார். பக்கத்து மேஜைக்காரர் நேரத்தோடு குறித்துக் கொடுத்த தாளைப் பார்த்த டாக்டர், இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன, எதற்கும் கண்ணை ஒருமுறை காட்டிக்கொள்ளலாம் என்று எழுதி அனுப்பினார்.

கபாலி பஸ்களுக்கு நேர அட்டவணை போடும் பிரிவில் வேலை பார்த்தார். அந்த வேலைக்குக் காது தேவைப்படவில்லை. எதிரில் இருப்பவர்களின் உதடு பார்த்துப் பேச்சைப் பிடிக்க ஒரு வருடத்தில் பழகிக்கொண்டார். பிடிபடாததைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். தன் குரலும் நான்கு நாள் கழித்தே கேட்டதால், மெதுவாகப் பேசுகிறோமா கத்துகிறோமா என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிற்று. அவர் மனைவி ஹம்சா வேறொரு வழி கண்டுபிடித்தாள். திங்கட்கிழமை காலை காப்பியை வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு வேண்டியதை அவர் காதருகே சொன்னாள். வெள்ளிக்கிழமை சிலிண்டர் வரும், சில்லறை எடுத்து வைத்துவிட்டுப் போங்கள் என்பாள். மழை வரும்போல் தோன்றினால் குடையையும் சேர்த்துச் சொல்வாள். நான்கு நாளைக்கு முன்னால் யோசிக்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. அநேகமாக எல்லாம் சரியாக இருந்தது. சண்டை போட்டாலும் அவள் திட்டு அவர் காதில் விழும் நேரத்தில் அவள் சமாதானமாகி, முருங்கைக்காய் சாம்பாரைப் பரிமாறிக்கொண்டிருப்பாள். அவர் தட்டைப் பார்த்தபடி தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அந்தத் தெருவில் அவர்களைவிட ஒற்றுமையான தம்பதி இல்லை என்று பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ எல்லோரிடமும் சொன்னாள்.

ஹம்சா பாட்டுக்காரி. சின்ன சபாக்களில் நான்கு மணிக் கச்சேரிகளும், கோயில்களில் நவராத்திரிக் கச்சேரிகளும் பாடிக்கொண்டிருந்தாள். மேடை ஏறினால் அவளுக்கு வயிற்றில் ஒரு பயம் புரளும். முன் வரிசையில் கபாலியின் முகம் தெரிந்தால் அடங்கிவிடும். அவருக்குச் சங்கீதம் அதிகம் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் ஒரு பிடி நன்றாக விழுகிறதோ அந்த இடத்தில் சரியாக அவர் முகம் மலரும். காது தாமதமான பிறகும் அவர் முன் வரிசையில்தான் உட்கார்ந்தார். 1991 ஜூனில் தி. நகரில் ஒரு சபாவில் அவள் முகாரியை விஸ்தாரமாக எடுத்து, கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கபாலி வாய்விட்டுச் சிரித்தார். நான்கு நாளைக்கு முன் பனகல் பார்க் பஸ் நிறுத்தத்தில் நண்பர் ஒருவர் சொன்ன நகைச்சுவை அப்போதுதான் அவர் காதுக்கு வந்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. ஹம்சா பாட்டை நிறுத்தினாள். மறுபடி எடுத்தாள், குரல் வரவில்லை. பக்கவாத்தியக்காரர்களுக்குக் கை கூப்பிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் அவள் எந்த மேடையிலும் ஏறவில்லை. குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். கேட்டவர்களிடம், அவருடைய காது இப்படி இருக்கும்போது எப்படிப் பாடுவது என்றாள். கபாலி அதை உதடு பார்த்தும் தெரிந்துகொண்டார், நான்கு நாள் கழித்துக் காதாலும் கேட்டார். ஆகவே ஒவ்வொரு முறையும் அவருக்கு இரண்டு தடவை வலித்தது.

1996 ஏப்ரலில், பெசன்ட் நகர் கடற்கரையில் மே மாதம் கோடை இசை விழா நடத்தும் குழுவின் செயலாளர் சாய்சரண் ஹம்சாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மே பத்தொன்பது ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு, எழுபது நிமிடம். அவள் படித்துவிட்டுக் கடிதத்தைக் காய்கறித் தோலோடு குப்பைக் கூடையில் போட்டாள். கபாலி அதை எடுத்துத் துடைத்து, நாலு நாள் பேசாமல் வைத்திருந்தார். பிறகு ஆபீசிலிருந்து ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். பஸ் அட்டவணை போலவே கட்டம் போட்டிருந்தது. புதன்கிழமை ஐந்தரை மணிக்கு வர்ணம், ஏழு நிமிடம். ஐந்து முப்பத்தேழுக்கு அடுத்தது. ஆறு ஐந்துக்குக் காம்போதி. ஆறு நாற்பதுக்கு மங்களம் முடியும். எதிர்க் கட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை, அதே நேரம், அதே பாட்டு. புதன்கிழமை வீட்டில் முழுக் கச்சேரியையும் அவருக்கு எதிரில் பாடிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் அவள் வாய் அசையும்போது அது அவர் காதில் கேட்கும்.

ஹம்சா அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தாள். அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, உதடு புரியும்படி நிதானமாகச் சொன்னாள். “மனோதர்மம்னு, அப்பப்போ தோணறதைப் பாடறதுன்னு ஒண்ணு இருக்கே. அதைப் போய் பஸ் மாதிரி ஓட்ட முடியுமா?”

“பஸ்ஸே அந்த நேரத்துக்கு வரதில்லை” என்றார் கபாலி. “கிட்டத்தட்ட வந்தாப் போறும்.”

அவள் அன்று சம்மதிக்கவில்லை. மறுநாள் காலை தம்புராவின் உறையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அதிலிருந்து அவர் புரிந்துகொண்டார்.

மூன்று வாரம் அந்த வீட்டில் திட்டமிடல்தான் வேலை. சரியாக ஐந்தரைக்குத் தொடங்க வேண்டும் என்று கபாலி சாய்சரணுக்கு இரண்டு கடிதம் எழுதினார். வங்கி அதிகாரியான சாய்சரண் தாமதம் தனக்கே பிடிக்காது என்று பதில் போட்டார். வயலினுக்குத் தேவானையும் மிருதங்கத்துக்கு அச்யுத்தும் புதன், ஞாயிறு இரண்டு நாளும் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்த பஸ்ஸில் போவது, அது வராவிட்டால் எது, மணலில் நடக்க எத்தனை நிமிடம் என்பதெல்லாம் சுவர்த் தாளில் ஏறியது. மிஞ்சியது பக்கத்து வீட்டுச் சத்தம். ஹாஜிரா பீயின் கணவர் குலாம் முகம்மது தகரப் பெட்டி செய்பவர். ஜூனில் பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் போவார்கள் என்பதால் மே மாதம் முழுக்க அவர் சுத்தியல் ஓயாது. அவரிடம் ஹம்சாவே போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“இன்னாம்மா, இதுக்குப் போயி இவ்ளோ யோசிக்கிறே” என்றார் குலாம் முகம்மது. “புதன்கெழம சுத்தியத் தூக்கி உள்ள வெச்சிடறேன். நீ நிம்மதியாப் பாடு. தெருவுல எவன் ஹாரன் அடிக்கிறான்னு நான் பாத்துக்கறேன்.”

சொன்னபடி மே பதினைந்தாம் தேதி ஐந்தேகாலுக்கு அவர் தெருமுனையில் போய் நின்றுகொண்டார். ஐஸ் வண்டிக்காரரை மணி அடிக்காமல் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். ஒரு ஆட்டோவை அணைத்துவிட்டு உருட்டிப் போகவைத்தார். வீட்டுக்குள், கடகடவென்று ஆடும் மின்விசிறியை நிறுத்திவிட்டிருந்தார்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் அச்யுத்தின் முழங்கையிலிருந்து வியர்வை சொட்டியது. ஹம்சா பாடினாள். எதிரில் கபாலி சனிக்கிழமையைக் கேட்டுக்கொண்டிருந்தார், அதாவது தகரத்தில் விழுந்த சுத்தியலை. அவர் முகத்தில் மரியாதையைத் தவிர வேறொன்றும் இல்லை. அவள் அந்த முகத்தைப் பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் முகத்தை நினைத்துப் பாடினாள். ஆறு நாற்பதுக்கு மங்களம் முடிந்தது. தேவானையும் அச்யுத்தும் காப்பி குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள். ஆறு ஐம்பதுக்கு ஹம்சா கபாலியின் அருகில் வந்து, அவர் தன் உதட்டைப் பார்க்க முடியாதபடி காதோரம் குனிந்து ஏதோ சொன்னாள். என்ன என்று அவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தெரியும் என்று ஜாடை காட்டிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். கச்சேரி முடிந்து, கூட்டம் கலைந்து, இருவரும் மணலில் தனியாக நிற்கும்போது அது அவருக்குக் கேட்கட்டும் என்பது அவள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை பஸ் அட்டவணைப்படி வந்தது. கபாலி முன் வரிசை நடுவில் உட்கார்ந்தார். கடல் காற்றில் பந்தல் துணி படபடத்தது. அவருக்கு அது கேட்கவில்லை. ஐந்து இருபத்தைந்துக்குக் கறுப்புக் காரில் ஒரு பெரிய மனிதர் வந்து இறங்கினார். அவர் வருவது அன்று மத்தியானம்தான் சாய்சரணுக்கே தெரிந்திருந்தது. வாழ்த்துரை ஐந்து நிமிடம் என்று சொல்லி மைக்கைப் பிடித்தார். கடற்கரைச் சுத்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது மணி சரியாக ஐந்தரை; கபாலியின் காதில் வர்ணம் தொடங்கியது.

அவர் தாளம் போட்டார். மேடையில் நடப்பது தெரிந்தாலும் கை நிற்கவில்லை. பெரிய மனிதர் குப்பைத் தொட்டிகளின் தேவையைச் சொன்னபோது கபாலியின் முகம் மலர்ந்தது. பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொன்னபோது கண்ணை மூடி, ஆஹா என்று தலையை அசைத்தார். காம்போதி வந்தபோது கன்னத்தில் நீர் வழிந்தது. இருபது வருடமாகப் பேசிவரும் அந்தப் பெரிய மனிதரின் பேச்சை அப்படி ஒருவரும் கேட்டதே இல்லை. அவர் எழுதிவந்ததை மடித்துவைத்துவிட்டு, கபாலி ஒருவரை மட்டும் பார்த்து மனதிலிருந்து பேசினார். ஐந்து நிமிடம் ஐம்பத்தைந்து நிமிடமாயிற்று. சாய்சரண் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேடைக்குப் பக்கத்தில், தட்டியை ஒட்டி நின்ற ஹம்சா முதலில் பதறினாள். பிறகு கபாலியின் கையைப் பார்த்தாள். அவர் விரல்கள் எந்தப் பாட்டின் எந்த அடியில் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த இடம் அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்த இடத்தில் அவர் முகம் மலர்ந்தது. பிடிக்காது என்று பயந்த இடத்திலும் மலர்ந்தது. ஐந்து வருடம் கழித்து, வாயைத் திறக்காமலே, தன் கச்சேரி முழுவதையும் அவள் அவர் முகத்தில் பார்த்தாள். ஆறு இருபத்தைந்துக்கு அவளை மேடைக்கு அழைத்தபோது, வயிற்றில் பயத்தைத் தேடினாள். அது அங்கே இல்லை.

விளக்குகள் போட்டார்கள். அவள் வர்ணம் பாடியபோது கபாலி மங்களத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு ஐம்பதுக்கு அவள் மூன்றாவது பாட்டின் சரணத்தில் இருந்தாள். அவர் காதில் புதன்கிழமை ஹம்சா குனிந்து பேசினாள்.

“அன்னிக்கு நீங்க சிரிச்சதுனால நான் நிறுத்தலை. அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே எனக்குத் தொண்டை அடைச்சுடுத்து. நீங்க சிரிச்சது சௌகரியமாப் போச்சு. பழியை உங்க மேல போட்டுண்டு அஞ்சு வருஷம் ஆத்துல உக்காந்துட்டேன். என்னை மன்னிச்சுடுங்கோ.”

மேடையிலிருந்து அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அட்டவணை பிசகியது தெரிந்ததும் அந்த நேரத்தையும் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். பிறகு, தன் குரல் எவ்வளவு பெரிதென்று தெரியாமல், கடைசி வரிசை வரை கேட்கும்படி சொன்னார்:

“எனக்கு அது அப்பவே தெரியும், ஹம்சா.”

கூட்டம் மொத்தமும் அவரைப் பார்த்தது. ஹம்சாவுக்கு வரி விட்டுப்போயிற்று. தேவானை வயலினில் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வாசித்தாள், அச்யுத் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு தாளத்தைக் காத்தான். ஹம்சா தண்ணீர் ஒரு வாய் குடித்து, விட்ட இடத்தை விட்டுவிட்டு வேறொரு இடத்திலிருந்து எடுத்தாள். அதற்குப் பிறகு பாடியது எதுவும் தாளில் இருந்த கட்டத்தில் அடங்கவில்லை. காம்போதிக்குப் பதில் முகாரி பாடினாள். கபாலிக்கு அந்த நேரம் வீட்டில் வெங்காயம் வதங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே இருபத்துமூன்று, வியாழக்கிழமை, கபாலி அரை நாள் விடுப்பு எடுத்தார். நடந்த கச்சேரியை வீட்டில் கேட்க அவருக்கு மனமில்லை. இருவரும் பெசன்ட் நகர் போய், பந்தல் பிரித்த மணலில், முன் வரிசை இருந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். முதலில் ஐம்பத்தைந்து நிமிடம் குப்பைத் தொட்டியைப் பற்றிக் கேட்டார். பேச்சு ஒன்றும் மோசமில்லை என்றார். பிறகு பாட்டு வந்தது. ஆறு ஐம்பதுக்குத் தன் குரல் போட்ட சத்தத்தைக் கேட்டுக் கூசிப்போனார். முகாரி வந்தபோது ஹம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முடியும்வரை விடவில்லை. மாலை நடைக்கு வந்த சாய்சரண் இருவரையும் பார்த்து நின்றார். ஹம்சா விஷயத்தைச் சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கச்சேரி முடியும்வரை கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டுப் போனார்.

மறு வருடம் முதல் ஹம்சா ஒவ்வொரு மே மாதமும் அங்கே பாடினாள். புதன்கிழமை ஒத்திகை தேவைப்படவில்லை. குழு ஒரு தீர்மானம் போட்டது. அதன்படி பந்தலைப் பிரித்து, மூங்கிலை லாரியில் ஏற்றிய பிறகும், முன் வரிசையில் இரண்டு நாற்காலிகளை மட்டும் வியாழக்கிழமை வரை விட்டுவைத்தார்கள். 1999இல், வேளச்சேரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் வெறும் மணலில் அந்த நாற்காலிகளில் ஓர் ஆணும் பெண்ணும் கடலைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, அவர்களுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, டப்பாக்களைத் திறந்து, சத்தமாகப் பேசத் தொடங்கியது. சுண்டல் விற்கும் அம்மாள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அவர்களிடம் வந்தாள்.

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்” என்றாள். “கச்சேரி நடந்துக்கினு கீது.”

அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனார்கள்.