மழை வந்தால் பூட்டும் தெரு

சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிய அந்தத் தெருவுக்கு ஸ்நேகாவின் குடும்பம் ஜூன் மாதம் குடிவந்தது. மாடிப் பகுதி இவர்களுக்கு. கீழே வீட்டுக்காரர் ஸ்ரீரங்கன், வங்கியில் ஓய்வு பெற்றவர், கல்லூரியில் சேர்ந்திருந்த மகன் ஷ்யாம்சுந்தருடன் இருந்தார். தெரு அமைதியானது, ஆட்கள் மரியாதையானவர்கள். ப்ளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று அம்மா போனில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனாள்.

அக்டோபரில் முதல் பெருமழை பிடித்துக்கொண்ட அன்றுதான் ஸ்நேகா அந்தச் சத்தத்தைக் கேட்டாள். விளக்குப் போடுகிற நேரம். தெருக்கோடியில் யாரோ ஒரு இரும்பு கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். சற்றுக் கழித்து அடுத்த வீட்டு கேட். பிறகு அதற்கும் அடுத்தது. ஏரிப் பக்கத்திலிருந்து வீடு வீடாக நெருங்கி வந்தது. பால்கனிக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். தெருவில் ஈ காக்கை இல்லை. ஆனால் எதிர்வீட்டு கேட் அவள் கண்ணெதிரே ஆடியது. காற்றுக்கு ஆடுவதுபோல் இல்லை. இரண்டு கைகள் பிடித்து ஆட்டுவதுபோல் ஆடியது.

அதைவிட அவளைக் கலக்கியது வேறொன்று. சத்தம் நெருங்க நெருங்க ஒவ்வொரு வீட்டிலும் டிவியின் ஒலி கூடியது. செய்தி, சீரியல், பக்திப் பாட்டு எல்லாம் ஒன்றோடொன்று மோதித் தெருவே அலறியது. எதிர்வீட்டு ராகவேந்திரா ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். ஸ்நேகா பார்ப்பதைக் கண்டதும் திரையைச் சட்டென்று இழுத்துவிட்டார்.

"காத்தும்மா. இந்தப் பக்கம் ஏரிக் காத்து ஜாஸ்தி," என்றார் ஸ்ரீரங்கன், மறுநாள் அவள் கேட்டபோது. அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

கீழ்வீட்டில் சமையல் செய்பவள் செல்லம்மா. பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து வந்து, ராத்திரி டிபன் வரைக்கும் செய்துவைத்துவிட்டுப் பொழுது சாய்ந்தபின் போவாள். வானம் லேசாகக் கறுத்தால் போதும், ஸ்ரீரங்கன் பதறிப்போவார். "மழை வருது செல்லம்மா, போட்டது போட்டபடி கிடக்கட்டும், நீ கிளம்பு" என்று விரட்டுவார். அவரே தெருமுனைக்குப் போய் ஆட்டோ கூட்டி வந்து ஏற்றிவிடுவார். அவள் போனதும் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துக்கொள்வார். மழை நாளில் ஸ்நேகாவின் அப்பாவே வாசலில் நின்று போன் பண்ணித்தான் உள்ளே வர வேண்டும்.

"சார் மாரி மனுசன் எங்க கீறாங்க பாப்பா? நா நனையக் கூடாதுன்னு அவுரு நனைஞ்சிகினு போறாரு," என்பாள் செல்லம்மா. 

அடுத்த மழைக்கு ஸ்நேகா குடையோடு கேட்டின் உள்பக்கம் போய் நின்றாள். பயமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு கேட் ஆடி ஓய்ந்தது. பிறகு அவள் முன்னால் இருந்த கம்பிகளைச் சில விரல்கள் பற்றின. முதலில் விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. ஊறி வெளுத்த தோல், நகத்தில் பாதி உரிந்த சிவப்பு நெயில் பாலிஷ். பிறகு முகம். தன் வயதுதான் இருக்கும். தெருவில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் ஓடியது. அந்தப் பெண்ணோ கழுத்தளவு வெள்ளத்தில் நிற்பவள்போல மோவாயை மேலே தூக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டத் தொறங்க சார். எங்கம்மா உள்ள கீறாங்களா? தண்ணி ஏறிகினே கீது சார்."

ஸ்நேகா கேட்டிலிருந்து ஓரடி பின்வாங்கினாள். "யாரு நீ?"

"கோகிலா. செல்லம்மா பொண்ணு."

அதற்குள் ஏதோ ஒன்று அவளைப் பக்கவாட்டில் இழுத்துப் போயிற்று. அடுத்த வீட்டு கேட் உலுங்கத் தொடங்கியது.

காலையில் செல்லம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது ஸ்நேகா மெல்லக் கேட்டாள். "அக்கா, உங்களுக்குப் பொண்ணு உண்டா?"

செல்லம்மாவின் முகம் இறுகியது. "கீந்துச்சு. செத்துப்பூட்டான்னு வெச்சிக்க." வாளியை நங்கென்று வைத்தாள். "ரெண்டு வருசத்துக்கு முன்ன அந்த டிசம்பர் புயலப்போ தண்ணி ஏற சொல்லோ சாரு என்ன சீக்கிரமா அனுப்பிட்டாரு. நா சுத்தி வளைச்சி வூட்டுக்குப் போறேன், கதவு பூட்டிக் கீது. ஊரே மெதந்துகினு கீது, இவ எவங்கூடவோ ஓடிப்பூட்டா. இங்க வந்து சாராண்டயும் கேட்டேன். வரலியேன்னாரு. இந்த வயசுப் பொண்ணுங்க இப்டித்தான், போலீசுன்னு அலைஞ்சா உன் பேருதான் கெடும்னாரு. அவ துணி, போட்டோ அல்லாத்தையும் கொளுத்திட்டேன். நாசமாப் போவட்டும்."

ஸ்நேகாவுக்கு அன்று பள்ளிக்கூடத்தில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. சாயங்காலம் ஷ்யாமைப் படிக்கட்டில் மறித்தாள்.

"கோகிலா இங்க வந்தாளா?"

அவன் மழுப்பப் பார்த்தான். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"கரண்ட் இல்ல. கேட்டுக்கு மணல் மூட்டை அடுக்கிட்டு நாங்க மாடிக்குப் போயிட்டோம். இப்போ நீங்க இருக்கற போர்ஷன் அப்போ காலி. அவ கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அம்மா அம்மான்னு கத்தினா. அவங்க கிளம்பிட்டாங்கன்னு நான் மேலேருந்து சொன்னேன். மழையில அவளுக்குக் கேக்கல. கீழ போய்த் திறக்கறேன்னேன். அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டார். திறந்தா வீட்டுக்குள்ள தண்ணி வந்துடும்னார்."

"அப்புறம்?"

"எல்லா வீட்டு கேட்டையும் ஆட்டினா. எல்லாரும் மாடியிலதான் இருந்தாங்க. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தோம்."

புயலுக்கு அடுத்து வந்த தை மாதத்தில் ஏரியில் ஆகாயத்தாமரை வாரியபோது ஓர் உடல் கிடைத்தது என்றும் அவன் சொன்னான். ஆள் அடையாளம் தெரியாமல் எரித்துவிட்டார்களாம். தெருவிலிருந்து ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. ஓடிப்போன பெண்ணை ஏரியில் தேட யாருக்கும் தோன்றவும் இல்லை.

"செல்லம்மாக்காகிட்ட சொல்லு ஷ்யாம்."

"சொன்னா அப்பா கதி என்னாகும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான்.

மறுவாரம் மேகம் கூடிய ஒரு ஞாயிறு மத்தியானம், ஸ்நேகா செல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு அவர் போகச் சொன்னாலும் போகாதீங்க. போற மாதிரி போயிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. ஏன்னு கேக்காதீங்க."

செல்லம்மா ஒன்றும் புரியாமல், அவர் ஏற்றிவிட்ட ஆட்டோவில் தெருமுனை வரை போய் இறங்கி, அவர் ஜன்னல்களைச் சாத்தப் போன நேரத்தில் திரும்பிப் பின்பக்கப் படியேறி வந்தாள். கீழே ஸ்ரீரங்கன் கேட்டைப் பூட்டுவது கேட்டது. மழை கொட்டியது. டிவிகள் அலறத் தொடங்கின. கேட் உலுங்கியது.

செல்லம்மா காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். "எம் பொண்ணு கொரலு."

விழுந்தடித்து இறங்கி ஓடினாள். ஸ்நேகா பின்னாலேயே ஓடினாள். கம்பிக்கு அப்பால் கோகிலா நின்றது ஸ்நேகாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. செல்லம்மாவுக்கு எதுவுமே தெரியவில்லை. கம்பிகளுக்கு நடுவே இரண்டு கைகளையும் விட்டு வெறும் மழையைத் துழாவினாள்.

"எங்கடி கீற? கோகி, எங்கடி கீற?"

"வூட்டுக்கு வாம்மா. தண்ணி ஏறுது. உன்ன கூட்டிகினு போலாம்னு வந்தேன்."

ஸ்ரீரங்கன் வாசற்படியில் சாவியோடு நின்றார். அவருக்குப் பின்னால் ஷ்யாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தொறங்க சார்!" என்று செல்லம்மா அலறினாள்.

"அங்க யாரும் இல்ல செல்லம்மா. காத்து."

ஸ்நேகா அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி வந்து பூட்டைத் திறந்தாள். கேட் திறந்ததும் கோகிலா தன் அம்மாவின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். தேடி வந்தது கிடைத்துவிட்ட பார்வை அது. அதன்பின் மழை மட்டும்தான் இருந்தது.

செல்லம்மா தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலையைத் திருப்பி வாசற்படியைப் பார்த்தாள்.

"அன்னிக்கு அவ வந்தாளா சார்?"

ஸ்ரீரங்கன் உள்ளே போய் டிவியை அணைத்தார்.

ஷ்யாம் சொன்னதையெல்லாம் ஸ்நேகாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு செல்லம்மா போலீசுக்குப் போனாள். தெருவில் கேட்டார்கள். அன்று யாரையும் பார்க்கவில்லை என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில் வந்தது. மழையில் குரல் கேட்டது என்று எதை எழுதுவது என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஷ்யாமை பெங்களூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. ஸ்நேகா போன் செய்தாள். அவன் அவள் நம்பரை பிளாக் செய்திருந்தான். மாத முடிவுக்குள் வீட்டைக் காலி செய்யும்படி ஸ்ரீரங்கன் அப்பாவிடம் தன்மையாகச் சொன்னார். அம்மா அழுதுகொண்டே பாத்திரங்களைக் கட்டினாள். "நமக்கு எதுக்குடி ஊர் வம்பு? பரீட்சை நேரத்துல வீடு தேடி அலையணுமா?"

கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன வீடு அமைந்தது. அங்கே போவதற்கு முன்பு ஒரு நாள் மழை பெய்தது. ஸ்நேகா பால்கனியில் காத்திருந்தாள். எந்த கேட்டும் ஆடவில்லை. கோகிலா இனி வரமாட்டாள் என்று அவளுக்குப் புரிந்தது. தெருவுக்கும் அது புரிந்துவிட்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எங்கிருந்தோ பஜ்ஜி பொரிகிற வாசனை வந்தது. ராகவேந்திரா நாற்காலியைப் பால்கனிக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதல்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தார். அவர்களுடைய பயத்தைத் தானே போக்கிக் கொடுத்துவிட்டோம் என்பதை உணர்ந்து, ஸ்நேகா பதிலுக்குச் சிரிக்காமல் உள்ளே போனாள்.

பரீட்சை முடிந்த பிறகு பெரும்பாக்கம் போனாள். லிஃப்ட் ஓடவில்லை. ஆறாவது மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டினாள். செல்லம்மா இளைத்துப் போயிருந்தாள். பாதிக் கதவு மட்டும் திறந்து நின்றாள்.

"அக்கா, உங்களப் பாக்கணும்னு தோணிச்சு."

"ம்."

"நான் உண்மையச் சொல்லணும்னுதான்..."

"தெரியும் பாப்பா. உன்ன ஒண்ணும் சொல்லல." செல்லம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எங்கியோ புருசன் புள்ளன்னு நல்லாத்தான் கீறான்னு நெனச்சிகினு தெனம் வைவேன். வையறதுக்காவது ஒருத்தி உசுரோட கீந்தா. இப்ப அதுவும் இல்ல."

உள்ளே வா என்று அவள் கூப்பிடவில்லை. ஸ்நேகா படியிறங்கினாள். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.