பெயரில்லாத லென்ஸ்

மலாயாவில் அவசரகாலம் அறிவித்த மறு வருஷம் கோல சிலாங்கூர் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் அடையாள அட்டை வாங்கிய அத்தனை பேரும் அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்தபோது அவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. எடுத்தவர் தொண்டிக்காரர் கிஃபாயத்துல்லா. அவரும் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை. நேராகப் பார், வாயை மூடு என்பதுதான் அரசாங்க உத்தரவு. காரணம் லென்ஸ். கடையில் இருந்த மூன்றில் அதுதான் மலிவு.

கிஃபாயத்துல்லா படத்தொழிலைக் கிள்ளானில் ஒரு ஜப்பான்காரரின் கடையில் கற்றவர். சண்டை வந்ததும் அந்த ஜப்பான்காரர் பட்டாள உடுப்பில் காரில் வந்து இறங்கினார். தோற்றுப் போகும்போது கடையின் பெரிய கேமராவை இவருக்கே கொடுத்துவிட்டு, லென்ஸை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கண்ணில்லாத பெட்டியோடு கிஃபாயத்துல்லா கோல சிலாங்கூருக்கு வந்து, மச்சினர் ஜக்கரியாவின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தார். பெட்டி அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. மனைவி சுபைதா அதன்மேல் வெங்காயக் கூடையை வைத்திருந்தாள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படம் ஒட்டிய அட்டை வேண்டும், அட்டை இல்லாதவனைக் காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிகிற கம்யூனிஸ்ட்காரனாகவே கருதுவோம் என்று அரசாங்கம் சொன்ன அன்றைக்குக் கூடை இறங்கியது. ஆற்றுக்கு இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் படம் எடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. லென்ஸ்தான் இல்லை.

கோலாலம்பூரில் பத்து ரோடு என்ற தெருவில் கேமரா விற்ற சீனர் மூன்று லென்ஸ்களை எடுத்து வெல்வெட் துணிமேல் வைத்தார். முதலாவது ஜெர்மன். வாய் அகலமானது, மழை மூட்டத்திலும், இருண்ட ஆபீஸ் அறையிலும், ஆளை மூச்சடக்கச் சொல்லாமல் எடுக்கலாம், நடுவில் இருக்கும் தெளிவு நான்கு மூலையிலும் இருக்கும். அதை வாங்கினால் காகிதத்துக்கும் படம் கழுவும் மருந்துக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது, லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். இரண்டாவது இங்கிலீஷ். கூர்மையில் குறையில்லை, ஆனால் தூரத்தில் நின்று எடுக்கவேண்டிய ஜாதி. தோட்டத்து ஆபீஸில் வைத்தால் ஆள் உள்ளேயும் கேமரா வாசலுக்கு வெளியே மழையிலும் நிற்கும். மூன்றாவதற்குப் பெயர் இல்லை. விளிம்பில் எழுத்து ஒன்றும் கிடையாது. கண்ணாடிக்குள் கடுகளவு ஒரு குமிழ். குமிழ் இருப்பதால் படத்துக்குக் கெடுதல் இல்லை, நல்ல கண்ணாடிக்குத்தான் குமிழ் விழும் என்றார் சீனர். அது உண்மைதான், கிஃபாயத்துல்லாவுக்கும் தெரியும். வெளிச்சம் கொஞ்சம் அதிகம் கேட்கும். வெயிலில் வைத்து எடுத்துக்கொள்ளலாம். அதை வாங்கினால் காகிதம், மருந்து, பஸ் கூலி எல்லாம் போக சுபைதாவுக்கு ஒரு கைலியும் எடுக்கலாம். எடுத்தார்.

சுபைதா கைலியை விட்டுவிட்டு லென்ஸைத்தான் முதலில் பார்த்தாள். "பேரில்லாத சாமான் ஏன் மச்சான் வாங்குனீங்க?" என்றாள். "பேரா படம் எடுக்கப்போவுது?" என்றார் அவர்.

புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை ஆரம்பித்தது. காலையில் பேர் கூப்பிடும் களத்தில் வெள்ளைத் துணி கட்டி, நாற்காலி போட்டு, பால் வெட்டிவிட்டு வந்தவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்தார். சனங்கள் காவு கொடுக்கக் கொண்டுவந்த மாதிரி உட்கார்ந்தார்கள். நல்லம்மாள் என்ற கிழவி அழவே அழுதாள். சிவப்பு விளக்கடியில் காகிதத்தைக் கழுவியபோது அவ்வளவு பேரும் சிரித்தபடி மேலே வந்தார்கள். ஒரே அச்சுச் சிரிப்பும் இல்லை. கூலிகளை மேய்க்கும் மண்டோர் செல்லையாவுக்கு மீசைக்கடியில் ஒரு பக்கமாகச் சிரிப்பு. நல்லம்மாளுக்கு மேல்பல் இல்லாததை உதட்டால் மறைத்த சிரிப்பு. கிஃபாயத்துல்லா மருந்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கி மறுபடி கழுவிப் பார்த்தார்; இன்னும் கொஞ்சம் பல் தெரிந்தது. விடிந்ததும் பயந்துகொண்டே படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். யாரும் ஆச்சரியப்படவில்லை. "நானேதான்" என்றார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சிவானந்தம் மட்டும், சர்க்கார் காகிதத்தில் பல்லைக் காட்டலாமா என்று கேட்டார். பிறகு தன் படத்தைப் பார்த்து, பெண்சாதியிடம் காட்ட உள்ளே போனார். பதிய வந்த அதிகாரிக்கு நாள் நெருக்கடி. முத்திரை குத்திவிட்டுப் போய்விட்டார். மற்ற தோட்டங்களிலும் அப்படியே நடந்தது.

சிக்கல் ரோட்டில் வந்தது. பத்தாங் பெர்ஜுந்தை ரோட்டில் தடைமரம் போட்டு, அரிசி கடத்துகிறார்களா என்று லோரிகளைச் சோதித்தார்கள். சிப்பாய் அட்டையைப் பார்ப்பான், ஆள் சிரித்துக்கொண்டிருக்கும். ஆளைப் பார்ப்பான், செத்த முகமாக இருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மலாய் சார்ஜன் ஒருவர் வழி கண்டுபிடித்தார். "சென்யும்!" என்றார், சிரி என்று. லோரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அட்டையும் ஆளும் பொருந்திவிட்டன, மரம் தூக்கப்பட்டது. அதிலிருந்து அதுவே சட்டமானது. அந்த இடத்துக்கே சென்யும் சாவடி என்று பெயர் விழுந்தது. லோரி பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டதுமே சனங்களின் முகம் தானாகத் திருந்திக்கொள்ளும். தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே சிரித்துக் கடந்தார்கள். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வருகிறவள் சாவடியில் நிறுத்தி, சிரித்து, மரத்தைத் தாண்டியதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தாள். எங்கிருந்தோ வந்த பத்திரிகைக்காரர் ஒருவர், மலாயாவிலேயே சந்தோஷமான சனம் வட சிலாங்கூரில் இருக்கிறது என்று எழுதினார். அந்த வருஷம் தோட்டத்து ஆட்கள் கூலி உயர்வு கேட்டபோது, விசாரிக்க வந்த பெரிய மனிதர் மேசைமேல் அட்டைகளைப் பரப்பி வெகுநேரம் பார்த்தார். இவர்களுக்கு இன்னும் என்ன வேண்டும் என்று உண்மையாகவே புரியாமல் கேட்டுவிட்டுப் போனார். உயர்வு கிடைக்கவில்லை.

கிஃபாயத்துல்லா அதைக் கேட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். லென்ஸில் கெடுதல் இல்லை, பார்க்கிறவன் கண்ணில்தான் கெடுதல் என்று ஜக்கரியாவிடம் சொன்னார். சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் அவர் போட்ட படக்கடை நன்றாக நடந்தது. ஊருக்குக் கப்பலேறி உம்மாவைப் பார்த்துவரக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தார்.

கொரியாவில் சண்டை நடந்த சமயம், ரப்பர்க் காட்டில் ரெங்கசாமி என்ற பால் வெட்டுக்காரர் சுடப்பட்டுச் செத்தார். காட்டுக்காரர்கள் சுட்டார்கள் என்றது பட்டாளம். பட்டாளம்தான் சுட்டது என்று காட்டிலிருந்து துண்டுக் காகிதம் வந்தது. உடம்பைக் கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெண்சாதி வேலம்மா அதைப் பார்க்க லோரியேறி வந்தாள். சாவடியில் புதிதாக வந்த சிப்பாய் அவளுடைய அட்டையை வாங்கிப் பார்த்தான். அட்டையில் கன்னத்தில் குழி விழச் சிரித்தபடி ஒருத்தி இருந்தாள். "சென்யும்" என்றான். வேலம்மா சிரிக்கவில்லை. மறுபடி சொன்னான். லோரியில் இருந்த எல்லோரும் அவளுக்காகச் சேர்த்துச் சிரித்தார்கள். அது கணக்கில் சேரவில்லை. அடுத்தவள் அட்டையோடு வந்தவள் என்று இறக்கி, ஸ்டேஷனில் அடைத்துவிட்டார்கள்.

படம் எடுத்தவர் வந்து சாட்சி சொல்லட்டும் என்று ஆள் வந்தது. கிஃபாயத்துல்லா போனபோது வேலம்மா கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்கார அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இது அவள்தான் என்றால், அட்டையில் உள்ள முகத்தைக் காட்டச் சொல்லும் என்றார்.

"துவான், இவங்க புருஷன் செத்துட்டாரு. சிரிப்பு எப்படி வரும்?"

"அட்டையில் வந்திருக்கிறதே."

"அன்னைக்கும் இவங்க சிரிக்கல, துவான். அது லென்ஸு."

அதிகாரி அவரைப் பார்த்தார். பொய் சொல்கிறவனைப் பார்க்கிற பார்வை அது. வேலம்மா தலையைத் தூக்கினாள்.

"பாய், நான் சிரிச்சாத்தான் அவரப் பாக்க விடுவாங்களாம். நானும் இழுத்து இழுத்துப் பாத்துட்டேன் பாய். வர்ல."

சொல்லிவிட்டு இரண்டு விரலால் வாயின் ஓரங்களைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினாள். கிஃபாயத்துல்லா வெளியே வந்து ஆற்றங்கரைப் படகுத்துறையில் உட்கார்ந்துவிட்டார். வாங்கும்போது காகிதத்தை யோசித்தோம், மருந்தை யோசித்தோம், வெயிலையும் நிழலையும் யோசித்தோம், இதை யோசிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டார். பிணம் இனித் தாங்காது என்று அன்று சாயங்காலமே தோட்டத்து ஆட்கள் ரெங்கசாமியை வேலம்மா இல்லாமல் அடக்கம் செய்தார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததை மட்டும் சொன்னார். சுபைதாதான் தகரப் பெட்டியைத் திறந்து கப்பல் காசை எடுத்து வைத்தாள். "கப்பல் அடுத்த வருஷமும் போவும் மச்சான். அந்தப் பொம்பள உள்ள உக்காந்திருக்கா."

ஜெர்மன் லென்ஸ் பத்து ரோட்டில் அதே துணியில் இருந்தது. கொரியா சண்டையில் ரப்பர் விலை ஏறியதால் அதன் விலையும் ஏறியிருந்தது. கப்பல் காசு முழுவதும் போனது. மறுநாள் ஸ்டேஷன் முற்றத்தில், மேகம் போட்ட வெளிச்சத்தில், வேலம்மாவை உட்காரவைத்து எடுத்தார். கொடுத்த காசுக்கு லென்ஸ் வேலை செய்தது. ஈரம் ஒட்டிய இமையும், வறண்டு வெடித்த உதடும், ரவிக்கைக் கழுத்தில் விட்டுப்போன தையலும் ஒன்று தப்பாமல் விழுந்தன. அதிகாரி படத்தையும் ஆளையும் பார்த்துத் திருப்தியடைந்து, புதிய அட்டை கொடுத்து, இங்கிலீஷில் மன்னிப்பும் கேட்டார். வேலம்மா நேராக இடுகாட்டுக்குப் போனாள்.

அதன் பிறகு சாவடியில் லோரி முழுக்கச் சிரிக்கும்; வேலம்மா மட்டும் சும்மா இருப்பாள். வட்டாரத்திலேயே சொந்த முகத்தோடு ரோட்டில் போக அனுமதி பெற்றவள் அவள் ஒருத்திதான் என்று பொறாமைப்பட்டவர்களும் உண்டு. மாதங்கள் போயின. ஒருநாள் லோரியில் யாரோ மண்டோர் செல்லையா தேள் கொட்டி வேட்டியோடு குட்டையில் குதித்த கதையைச் சொல்ல, வேலம்மா நினைக்காமல் சிரித்துவிட்டாள். லோரி அப்போதுதான் சாவடியில் நின்றது. சிப்பாய் அட்டையைப் பார்த்தான், குழி விழுந்த கன்னத்தைப் பார்த்தான், இறங்கச் சொன்னான். அவள் முகம் பழையபடி வாடும்வரை லோரி வெயிலில் நின்றது. வாட வெகுநேரம் பிடித்தது; அடக்க அடக்கச் சிரிப்பு வந்தது.

கிஃபாயத்துல்லா இரண்டு லென்ஸையும் கடையில் வைத்துக்கொண்டார். வாசலில் விலைப் பலகை தொங்கியது: சிரித்தபடி ஒரு வெள்ளி, உள்ளபடி இரண்டு வெள்ளி. கல்யாணத்துக்குப் பெண்ணைக் காட்ட வந்தவர்கள் ஒரு வெள்ளிப் படமும், ஊரில் பணம் கேட்டு எழுதுகிற சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வந்தவர்கள் இரண்டு வெள்ளிப் படமும் எடுத்துக்கொண்டார்கள். இதெல்லாம் எப்படி என்று கேட்டவர் யாரும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்துக் குறைத்துக் கொடுப்பீர்களா என்றுதான் கேட்டார்கள்.

ஒரு சம்பள நாளில் வேலம்மா கடைக்கு வந்தாள். புருஷனுக்குப் படம் என்று ஒன்றுமில்லை, அட்டையையும் ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டார்கள் என்றாள். அட்டைக்காக எடுத்த கண்ணாடித் தகடுகள் எல்லாம் கிஃபாயத்துல்லாவிடம் இருந்தன. ரெங்கசாமியைத் தேடி எடுத்து, பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டுக் கொடுத்தார். வாய் நிறையச் சிரித்தபடி இருந்தார் ரெங்கசாமி. வேலம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த மனுசன் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல பாய்," என்றாள். "குடிச்சாலும் உர்ருன்னுதான் இருப்பாரு."

கிஃபாயத்துல்லா, இது அந்தப் பழைய லென்ஸில் எடுத்தது என்றார்.

"இருக்கட்டும். இனிமே பாத்துக்கறேன்."

காசு வேண்டாம் என்றதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளியை மேசைமேல் வைத்துவிட்டுப் படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு லோரியேறினாள். சாவடியில் சிப்பாய் சுற்றியிருப்பதைப் பிரித்துக் காட்டச் சொன்னான். பிரித்தாள். அவன் ரெங்கசாமியை மேலும் கீழும் பார்த்தான். சிரிப்பில் குறையொன்றும் தெரியவில்லை. சரி போ என்று மரத்தைத் தூக்கிவிட்டான்.