மூடிய தொட்டி

சலூன்காரர் நீட்டிய பிளாஸ்டிக் பையை வாசற்படியிலேயே வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள் அவள். உள்ளே இருந்த தங்கமீனுக்கு வயிறு ஊதியிருந்தது. செதில்கள் காற்றில் கிளம்பிய கூரை ஓடுகளைப் போல எழும்பி நின்றன. மீன் டாக்டரோடு பாதி ஆயுள் குடும்பம் நடத்தியவளுக்கு இது என்ன நோய் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அவர்கிட்ட நான் காட்டுறேண்ணே. நீங்க கடையைப் பாருங்க.”

“நானே உள்ள வந்து ஒரு நிமிஷம் காட்டிட்டுப் போயிடறேனே, தங்கச்சி.”

“அவர் தூங்குறாருண்ணே.”

சலூன்காரர் ஏற்கெனவே செருப்பைக் கழற்றியிருந்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த தன் கடைக்குப் போனார். ஒரு வாரமாக அவரும் வருகிறார், அவளும் இதையே சொல்கிறாள். புருஷனுக்கு அவர் பள்ளிக்கூடத்து சிநேகிதர். அவரைத் திருப்பி அனுப்புவது அவளுக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்தால் பேச்சு ஓயாது. நோயாளிக்கு ஆகாது.

புருஷன் முன்னறையில் வண்ணமீன் விற்பவர். மீன் சீக்காகிப் போனால் எல்லோரும் இங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ‘ஊசி போடத் தெரியாத டாக்டர்’ என்பார் சலூன்காரர். ‘என் நோயாளி ஒருத்தராவது என்னைக் குறை சொன்னதுண்டா?’ என்பார் இவர். மருந்து கேட்டு வருகிறவர்களிடம் முதலில் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லுவார். மீனுக்கு முன்னால் தண்ணீருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கப்புறம் எல்லோருக்கும் ஒரே பாட்டு: தனியாகப் போடு, துணியால் மூடு, தீனியை நிறுத்து, கண்ணாடியைத் தட்டாதே. கேட்டுக் கேட்டு அவளுக்கு அது தூக்கத்திலும் வரும்.

அவருடைய ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, ‘இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்தபோது, அவள் அந்தப் பாட்டைத்தான் பிடித்துக்கொண்டாள். நோய் மீன்களுக்கென்று இருந்த பின்னறையில் கட்டிலைப் போட்டாள். ஜன்னலுக்குத் திரை மாட்டினாள். டி.வி.யை நிறுத்தினாள். மகளைக் கிசுகிசுத்துப் பேசச் சொன்னாள். அங்கே கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலையும் வெளியே எடுத்துவிட்டாள்; உட்கார இடமிருந்தால்தானே வருகிறவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள்? இப்படிப் பொத்திப் பொத்தி வைத்தால் எழுந்துவிடுவார் என்று நம்பினாள். நம்பிக்கை என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் கையில் வேறு ஒன்றும் இல்லை.

அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “நமக்கும் செதில் இருந்தா இந்நேரம் நிமிந்திருக்கும்” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. போர்வையை இழுத்து வயிற்றை மூடினாள்.

கட்டிலை ஒட்டியிருந்த சின்னத் தொட்டியில் உப்புத் தண்ணீர் கலந்து, சலூன்காரரின் மீனை விட்டு, கறுப்புத் துணியைப் போர்த்தினாள். திரும்பியபோது அவர் விழித்திருந்தார்.

“யாரோடது?”

“சலூன் அண்ணனோடது.”

“அவன் எங்க?”

“போயிட்டாரு.”

அவர் தலையைத் திருப்பித் துணி மூடிய தொட்டியைப் பார்த்தார்.

“செதில் நிமிந்துடுச்சா?”

“ம்.”

“அப்ப துணி எதுக்கு? எடுத்துடு.”

“நீங்கதானே மூடச் சொல்வீங்க?”

“அது பிழைக்கிற மீனுக்கும்மா.”

அந்தத் துணியை எடுத்தால் எதையோ ஒத்துக்கொண்டதாகிவிடும். எது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். “பேசாமப் படுங்க” என்று சொல்லி, சரிந்திருந்த துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு முன்னறைக்குப் போனாள்.

கடையில் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றி முடித்து, அவருக்கு உடம்பு துடைத்துவிட வெந்நீரோடு வந்தபோது மத்தியானமாகிவிட்டது. அவர் கட்டிலின் விளிம்புவரை நகர்ந்து, ஒருக்களித்துக் கிடந்தார். தானாகப் புரண்டு படுக்கவே முடியாதவர் எப்படி நகர்ந்தார் என்பது தெரியவில்லை. வலது கை கீழே தொங்கியது. அதில் கறுப்புத் துணி இருந்தது. தொட்டி திறந்து கிடக்க, மீன் அவர் முகத்துக்கு நேராகக் கண்ணாடியோரம் நின்று செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணும் மீன் பக்கமே திறந்திருந்தது. மூச்சு இல்லை.

வெந்நீரை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு வாரப் பழக்கம். கடைசிச் சவரத்துக்குச் சலூன்காரர் பெட்டியோடு வந்தார். ஊர்க்கதை பேசாமல் ஒருவர் முகத்திலும் அவர் கத்தி வைத்ததில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. சோப்பைத் துடைத்து, மீசையை ஒழுங்குபண்ணி, கன்னத்தைப் புறங்கையால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் சலூன்காரர் மறுபடி வந்தார். வாசலிலேயே நின்றார்.

“மீன் இருக்கா, தங்கச்சி?”

“இருக்குண்ணே.”

“பிழைக்காதுன்னு எனக்கும் தெரியும். மீனைக் காட்டுற சாக்குல அவனை ஒருதரம்…”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவி, ஒரு மீனை உள்ளே விட்டேனே, மனுஷனை விடவில்லையே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஸ்டூலை எடுத்து, முந்தானையால் தூசி துடைத்து, பின்னறையில் வெறும் கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் கொண்டுபோய்ப் போட்டாள்.

“வாங்கண்ணே. உக்காருங்க.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். மீன் அடியில் சாய்ந்து கிடந்தது. குனிந்து அதைப் பார்த்தவர், என்னவோ கேட்டார். குரல் எழும்பவில்லை; இந்த வீட்டில் இப்படித்தான் பேச வேண்டும் என்று அவரும் பழகியிருந்தார்.

“சத்தமாவே பேசுங்கண்ணே” என்றாள்.

மீனின் செவுள் ஒருதரம் விரிந்து மூடியது. அடுத்ததற்காக இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.