மௌனத் தியானத்தில் ஒரு காற்று மோட்டார்

சிலுவைராஜ் சாப்பாட்டு மேஜையில் கழிவுநீரைப் பற்றிப் பேசக்கூடியவர். பேசக்கூடியவர் என்ன, பேசியே தீருவார். தேக்காவில் ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில் அவருக்கு ஆபீஸ். வீட்டுக் கழிவுநீரைக் காற்று ஊதிச் சுத்தம் செய்யும் தொட்டிகளை விற்பது தொழில். ஊர் முழுக்கப் பாதாளக் குழாய் ஓடும் சிங்கப்பூரில் இதை விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவிலிருக்கும் ஜொகூர் பங்களாக்காரர்களை நம்பித்தான் பிழைப்பு ஓடியது.

போன வருஷம் பாசிர் ரிஸ்ஸில் சம்பந்தி வீட்டு விருந்து. மீன்தலைக் கறி. சம்பந்தியம்மா இரண்டாவது கரண்டி ஊற்றும்போது, "இது நாளைக்குக் காலையில எங்க போகுது தெரியுமா?" என்று ஆரம்பித்தார். யாரும் தெரியும் என்று சொல்லவில்லை. அதையே அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். தொட்டியின் முதல் அறையைத் தாண்டி இரண்டாவது அறைக்குள் அவர் நுழைந்தபோது, சம்பந்தி பாதிச் சோற்றோடு கைகழுவப் போய்விட்டார்.

இப்போது மகள் கிளாரிசாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்ததும் அவள் போன் செய்தாள்.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க லா. விருந்துக்கு அத்தை வீட்டு ஆளுங்க எல்லாரும் வராங்க. நீங்க அம்மாவோட மௌனத் தியானத்துக்குப் போங்க. வெள்ளிக்கிழமையிலேருந்து சண்டே மத்தியானம் முடிவு மணி அடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காம இருந்து காட்டுங்க. முடியலைன்னா பூசைக்கு மட்டும் வாங்க. விருந்து வேணாம்."

பேரனுடைய முதல் விருந்தில் தாத்தாவுக்கு இலை இல்லை. சிலுவைராஜுக்குச் சுருக்கென்றது. "சரிம்மா" என்றார். அதோடு நிறுத்தியதே நல்ல ஆரம்பம் என்று தோன்றியது.

தியானம் நடந்தது லிம் சூ காங் பக்கம், பண்ணைகளுக்கு நடுவே சர்ச் பங்குக்காரர்கள் வாடகைக்கு எடுக்கும் ஒரு பழைய வீட்டில். சிங்கப்பூரிலேயே பாதாளக் குழாய் எட்டாத இடம். அங்கிருந்த தொட்டி சிலுவைராஜே விற்றது. இந்தத் தீவுக்குள் அவர் விற்ற ஒரே தொட்டி. தியானத்தை நடத்தியது அவர் மனைவி உர்சுலா. பேசக்கூடாது, எழுதிக் காட்டவும் கூடாது என்பது அவள் சட்டம். எல்லோருடைய போனும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டது.

முதல் ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடினார்கள். சமையலறைக்குப் பின்னாலிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. உர்சுலா எழுந்து போனாள். சத்தம் நின்றது. எல்லோர் முகத்திலும் அமைதி வந்தது, சிலுவைராஜ் முகத்தைத் தவிர.

அது தொட்டிக்குள் காற்று ஊதும் மோட்டார். தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. காற்று இருக்கும்வரை அவை நல்ல பிள்ளைகளாக அழுக்கைத் தின்று, தண்ணீரைத் தெளியவைத்து அனுப்பும். அந்தத் தண்ணீர் குளோரின் மருந்து வில்லையைத் தொட்டுக்கொண்டு, நீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் வழியாகப் புல்லுக்குப் போகும். காற்று நின்றால் நல்லவை செத்துப்போகும். நாற்றம் பிடித்த வேறு கூட்டம் குடியேறும். இதை அவர் உர்சுலாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வந்திருக்கிறார். அவள் கேட்டிருந்தால்தானே.

அவர் போய் சுவிட்சைப் போட்டார். அவள் போய் அணைத்தாள். மறுபடி போட்டார். சனிக்கிழமை காலைவரை இந்தப் பக்தி முயற்சி தொடர்ந்தது. பிறகு உர்சுலா மோட்டார்ப் பெட்டிக்கு ஒரு பூட்டைப் போட்டு, சாவியை ஜெபமாலைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சிலுவைராஜ் அவளைத் தாழ்வாரத்தில் மறித்தார். கன்னத்தை உப்பவைத்து 'புஸ்' என்று ஊதிக் காட்டினார். வயிற்றருகே கையை வைத்துத் தொட்டி மாதிரி வட்டம் போட்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டார். உர்சுலாவுக்கு எல்லாம் புரிந்தது. ஒரு தம்ளர் ஓமத்தண்ணீர் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

சாயங்காலம் நாற்றம் மெல்ல எழுந்தது. யாரும் கேட்க முடியாது, யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரைத் தர்மசங்கடமாகப் பார்த்தார்கள். நாற்காலிகள் தள்ளித் தள்ளிப் போயின. ஓமத்தண்ணீர் யாருக்கு வந்தது என்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஞாயிறு காலைப் பசியாறலின்போது சிலுவைராஜைச் சுற்றி ஒருவருமில்லை. அவருக்கு அழுகையே வந்தது. தன் தொட்டிக்கு வந்த அவப்பெயரைக்கூட மறுத்துப் பேச வழியில்லை.

மத்தியானம் மணி அடிக்கச் சற்று முன்னால் கிளாரிசா குழந்தையோடு வந்தாள். தாழ்வாரத்தில் அப்பா வாயை மூடி நிற்பதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்; அம்மா தலையாட்டினாள். கிளாரிசாவின் முகம் மலர்ந்தது. உதட்டில் விரலை வைத்து, இன்னும் கொஞ்சம்தான் என்று அப்பாவுக்குச் சைகை காட்டினாள். மகள் அவரைப் பார்த்து இப்படிப் பெருமையாகச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பிறகு அவள் புல்வெளியில் எங்கே பச்சை அதிகமோ அங்கே பாயை விரித்து, குழந்தையைப் படுக்கவைத்தாள்.

அங்கே ஏன் பச்சை அதிகம் என்பது அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். காலையில் அத்தனை பேரும் குளித்த தண்ணீர் தொட்டியில் நிறைந்திருக்கும். நிறைந்தால் ஸ்பிரிங்ளர் பம்பு தானாக ஓடும்; அதற்கு வேறு சுவிட்ச், உர்சுலா தொடாதது, அதுவும் அந்தப் பூட்டிய பெட்டிக்குள். 'க்ளக்' என்று புல்லுக்குள்ளிருந்து ஸ்பிரிங்ளர் தலை தூக்கியது.

சிலுவைராஜ் வாயைத் திறந்தார். கிளாரிசாவின் சிரிப்பு மறைந்தது. உர்சுலா மணிக்கயிற்றைப் பிடித்தபடி விரலை உயர்த்தினாள். அவர் கணக்குப் போட்டார். எழுந்திரு என்றால், மகள் முதலில் ஏன் பேசினீர்கள் என்பாள். அதற்குப் பதில் சொல்வதற்குள் குழந்தை நனைந்துவிடும். இந்தக் குடும்பத்தில் அவர் பேச்சைக் கேட்டு யாரும் எழுந்ததாகச் சரித்திரமில்லை.

வாயை மூடிக்கொண்டு ஓடினார். தியானத்துக்கென்று வாங்கிய வெள்ளைக் கால்சட்டையோடு ஸ்பிரிங்ளரின் மேல் உட்கார்ந்தார்.

தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. இருந்த ஒரே போக்கிடம் அவர்தான். கறுப்பாக வந்தது. நாற்றம் புல்வெளியைத் தாண்டி ஜெப அறைக்குள் போனது. கிளாரிசா மூக்கைப் பொத்தினாள், குழந்தையை வாரி எடுத்தாள், தாழ்வாரத்துக்கு ஓடினாள். சிலுவைராஜ் அசையவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, படம் எடுக்க உட்கார்ந்தவர்போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

உர்சுலா மணி அடித்தாள்.

இரண்டு நாள் அடக்கிவைத்த அவ்வளவையும் அவர் இப்போது கொட்டலாம். எல்லோரும் வந்து நின்றார்கள். கிளாரிசாவின் கண்கள் நிறைந்திருந்தன.

"உர்சுலா," என்றார் சிலுவைராஜ். "மோட்டாரைப் போடு."

அவ்வளவுதான். எழுந்து குளிக்கப் போனார். சமையலறைக்குப் பின்னால் 'ம்ம்ம்ம்' என்று சத்தம் எழுந்தது. அவருக்கு அது கோயில் பாட்டைவிட இதமாக இருந்தது.

மூன்றாவது தடவை சோப்புப் போடும்போது குளியலறைக் கதவை யாரோ தட்டினார்கள்.

"அப்பா, அந்த டேங்குக்குள்ள என்னதான்பா நடக்குது?"

சிலுவைராஜ் குழாயை மூடினார். "என்னம்மா கேட்டே?"

"டேங்குக்குள்ள என்ன நடக்குதுன்னு கேட்டேன்."

இந்தக் கேள்வியைக் காசு கொடுக்க வந்தவர்கள் தவிர வேறு யாரும் அவரிடம் கேட்டதில்லை. நெற்றியிலிருந்து சோப்பு நுரை கண்ணுக்குள் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

"விருந்துல மாமாவும் அத்தையும் கேப்பாங்க, உங்கப்பா ஏன் அது மேல உக்காந்தார்னு. எனக்குச் சொல்லத் தெரியாது," என்றாள் கிளாரிசா. "நீங்களே வந்து சொல்லுங்கப்பா."

அவர் இப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, அப்பறமா?" என்று கேட்டார் சிலுவைராஜ்.