வில்லுக்கு ஆகாத பலகை

டேப்பின் ஒரு முனையை அப்பாவின் குதிகாலில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள் மகள். மறுமுனையை அவர் தலைக்கு மேல் இழுத்துப் பார்த்த தச்சர், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.

"சவப்பெட்டிக்கு ஆறடிப் பலகை வேணும்மா. என் கடையில இப்ப ஈர மரந்தான் கிடக்கு."

"பின்னாடி ரூம்ல இருக்கு மாமா. எல்லாம் அப்பா தள்ளி வச்சது."

பின்னறைச் சுவரில் பதினொரு பலகைகள் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி. பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அப்பாவுக்கு வில் பைத்தியம் பிடித்துவிட்டது. அதுவும் லேசான வில் இல்லை. ஆள் உயரத்துக்கு மூன்று மெல்லிய பட்டைகளை இழைத்து, பசை தடவி, ஒன்றாக வளைத்து ஒட்டுவது. பசை இறுகுவதற்குள் இருபது கிளாம்பை முடுக்க ஒருவர் கை போதாது. இன்னொரு கை அவளுடையதாக இருக்க வேண்டும் என்றார்.

வேறு ஊரில் தையல் கடை போட்ட தோழி அவளுக்காக ஒரு மெஷினைக் காலியாக வைத்திருந்தாள். "இந்த ஒரு வில்ல ஒட்டிக் குடுத்துட்டுப் போம்மா" என்று அப்பா கேட்டார். ஒரு மாத வேலைதானே என்று இருந்துவிட்டாள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பலகை வரும். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நீளத்துக்கும் பார்ப்பார். "மரத்தோட ரேகை பாதியில வெளிய ஓடுது. வில்ல இழுத்தா அங்கதான் பிளக்கும்" என்று குறி போட்டுவிடுவார். நானும் பார்க்கிறேனே என்றால், "உனக்குக் கண்ணு பத்தாது" என்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தோழி, போன மாதம் அந்த மெஷினில் வேறொருத்தியை உட்கார வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் பன்னிரண்டாவது பலகை வந்தது. அப்பா ஒரே பார்வையில் "இதுதான்" என்றார். இன்று காலை அதை இழைத்துக்கொண்டிருந்தவர், இழைப்புளியோடு அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டார்.

தச்சர் ஒரு பலகையைத் தூக்கி ஓரம் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார்.

"இதுல என்ன குத்தம் கண்டாரு?"

"ரேகை சரியில்லையாம்."

"எல்லாம் ஒரே மரத்துல அறுத்ததும்மா. நானே பொறுக்கி வச்சேன். அந்தப் பெஞ்சு மேல கிடக்கிறதும் இதோட உடன்பிறப்புதான். ஒவ்வொண்ணா கேட்டாரு, ஒவ்வொண்ணா குடுத்தேன்."

அவள் ஒரு பலகையை வாங்கி, முதல் தடவையாகத் தன் கண்ணருகே வைத்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ரேகைகள் அளந்து போட்ட தையல் மாதிரி நேராக ஓடின. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். செத்துக் கிடப்பவர்மேல் அவளுக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. அதை யாரிடம் போய்க் காட்டுவது?

அண்ணன் உள்ளே வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இனிமே தனியா இங்க என்ன பண்ணப்போற? காரியமெல்லாம் முடிஞ்சதும் எங்ககூடயே கிளம்பிடு. சின்னவனப் பாத்துக்க ஆளில்லாம உங்க அண்ணி திண்டாடுறா. அவளுக்கும் ஒரு கை ஒத்தாசையா இருக்கும்."

அவன் பாசமாகத்தான் சொன்னான். அப்பாவும் பாசமாகத்தான் கேட்டார்.

"வர்றேண்ணா. அப்பா ஆசைப்பட்ட இந்த ஒரு வில்ல முடிச்சிட்டு வர்றேன்."

"அதான் பலகை பெஞ்சு மேலயே இருக்கே. எத்தனை நாளாகும்?"

அவள் பன்னிரண்டாவது பலகையை எடுத்தாள். ஒரு பாதி இழைபட்டு வழவழவென்றிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நீளத்துக்கும் பார்த்தாள்.

"ரேகை பாதியில வெளிய ஓடுதுண்ணா. இழுத்தா அங்கதான் பிளக்கும். வேற நல்லதா கிடைக்கணும்."

மரம் தெரியாத அண்ணன் தச்சரைப் பார்த்தான். தச்சர் பலகையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கையிலிருந்த பென்சிலை மறுபடியும் காதில் செருகிக்கொண்டார்.

"ஆமா தம்பி, இது வில்லுக்கு ஆகாது."

பெஞ்சின் ஓரத்தில் அப்பாவின் சாக்பீஸ் இருந்தது. நகத்தளவுக்குத் தேய்ந்திருந்தது. ஒரு பெருக்கல் குறி போட அது போதுமாயிருந்தது.